பின்பலகைக்குள் பதினொரு பேர்

என் ஆசை அண்ணே,

அது திரும்பி வந்துவிட்டது.

நீ இருந்திருந்தால் எது என்று கேட்டிருக்க மாட்டாய். கையில் இருக்கும் உளியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்திருப்பாய். செவ்வாய்க்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வந்தது. பழைய பட்டுப் பாவாடையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்து ஒரு பெண் கொண்டுவந்தாள். இப்போது என் தையல் மிஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. நான் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் துணிக்குள்ளே நரம்பு அதிர்கிறது. அதனால் இரண்டு நாளாக மிஷினில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாண ரவிக்கைகள் வெட்டியபடி அப்படியே கிடக்கின்றன.

இதை உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. எழுதி முடித்ததும் அச்சில் போடக் கொடுக்கப் போகிறேன். தெரிந்த கதையை எதற்கு மறுபடி சொல்கிறாய் என்று சலித்துக்கொள்ளாதே. நம் சுற்றுவட்டத்தில் இதைப் படிக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும்.

ராஜாவின் சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த வருஷம் நீ மலாயாவிலிருந்து வந்தாய். ஒரு தகரப் பெட்டி, இரண்டு சட்டை, கையில் நாலு நரம்பு கட்டிய ஒரு சின்னக் கித்தார். புருஷன் போய், அம்மா அப்பாவும் போய், தையல் மிஷினே துணையென்று இருந்தவள் நான். பத்து வருஷம் கடல் தாண்டிச் சம்பாதித்தது இதுதானா என்று கேட்டேன். நீ சிரித்தாய். தோட்டத்தில் கங்காணி வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாய். யூகலேலே என்றாய். ஊர் வாயில் அது நுழையவில்லை. குட்டிக் கித்தார் என்றார்கள். நான் பெட்டி என்றேன்.

ஆறு நாள் சைக்கிள் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பெட்டி. ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லாத வேலைக்கு இத்தனை மெனக்கெடுகிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பலாப் பலகையைத் தோசைக் கனத்துக்கு இழைப்பாய். தண்ணீரில் ஊறப்போட்டு, கங்கு நிரப்பிய இரும்புக் குழாயின் மேல் வைத்து மெல்ல மெல்ல வளைப்பாய். ஒட்டிய பிறகு சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டுவாய். முதலில் செய்தது கோணிப்போய்க் கத்தரிக்காய் மாதிரி வந்தது. அதையும் வெட்கமில்லாமல் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நரம்புக்குத் தங்கூசி வேண்டுமென்று மீமிசல் வரைக்கும் சைக்கிள் மிதித்தாய். மீன்பிடிக்கிற கயிற்றில் சங்கீதம் வாசிக்கிறவன் நீ ஒருத்தன்தான் என்று நான் கேலி செய்தேன்.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற நாற்றத்துக்குத் தெருவே மூக்கைப் பிடிக்கும். எனக்கு மட்டும் அந்த நாற்றம் பழகிவிட்டது. பலகையும் பலகையும் சேருகிற உள்மூலையில், நான் தைத்து மிச்சமான துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டுவாய். "இது இல்லேன்னா ஒரு மழைக்குத் தாங்காது தாயி. வஜ்ஜிரம் ஈரத்தக் கண்டா எளகிரும்" என்பாய். செய்ததையெல்லாம் கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுத்தாய். ஒன்றை மட்டும் ஆணியில் மாட்டி வைத்திருந்தாய். கருப்பாக மினுமினுக்கும், வாய் ஓரத்தில் சின்னதாக ஒரு கொடி செதுக்கியிருக்கும். யார் கேட்டாலும் அது இன்னும் முடியவில்லை என்பாய். எனக்கும் அதையேதான் சொன்னாய்.

அண்ணே, அதில்தான் நீ தப்புச் செய்தாய். என் தப்புக்கு அப்புறம் வருகிறேன்.

அப்போது ஊருக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மலாயாவில் கூலிக்காரர் சங்கம் வைத்தவர்களை அங்கே வெள்ளைக்காரர்கள் வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் கப்பலில் திரும்பியவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடையில் இரண்டு தடவை போலீஸ்காரர் வந்து உன் பேரைக் கேட்டுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். நீ பாட்டுக்கு உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நேரத்தில், கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, இன்ஸ்பெக்டரின் சம்சாரமே ரவிக்கை தைக்க நம் வீட்டுக்கு வந்தார். கூடவே மகள் வசந்தா, பத்து வயது. அளவெடுக்கும்போதே அவள் கண் ஆணியில் இருந்தது.

"செல்லக்கா, அதுல ஒரு தடவ தட்டிப் பாக்கட்டா?"

எடுத்துக் கொடுத்தேன். தட்டினாள். மடியிலிருந்து இறக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷம் மூளை வேலை செய்தது, செய்திருக்க வேண்டாம். இன்ஸ்பெக்டர் மகள் கையில் அண்ணன் செய்த சாமான் இருந்தால், அந்த வீட்டுக்கு நாம் தெரிந்தவர்களாகிவிடுவோம். தெரிந்தவர்களை யார் பிடித்துக்கொண்டு போவார்கள்? "ஒனக்குத்தான் செஞ்சு வச்சிருக்காரு எங்கண்ணன், எடுத்துக்க" என்றேன். அது பொய்தான். அவள் அம்மா வேண்டாம் வேண்டாம் என்றபடியே வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் நீ வந்தாய். சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னாலேயே வெறும் ஆணி உன் கண்ணில் பட்டுவிட்டது.

"செல்லம், பெட்டி எங்க?"

பெருமையாகச் சொன்னேன். நீ சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாய். உன் முகத்தில் அப்படியொரு நிறத்தை நான் பார்த்ததில்லை. பிறகுதான் சொன்னாய். தோட்டத்தில் நம் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் சங்கத்தில் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் ரேகை வைத்தார்கள். பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் அதில் உண்டு. தாள் உன் பொறுப்பில் இருந்தது. எல்லோரும் தப்பித்து ஊர் வந்து சேர்ந்து, கல் உடைத்துக்கொண்டும் ஏர் பிடித்துக்கொண்டும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். நீ அந்தத் தாளைப் பதினொரு துண்டாக வெட்டி, துணிக்குப் பதிலாக அந்தப் பெட்டியின் உள்மூலையில் ஒட்டியிருக்கிறாய். எழுத்துப் பக்கம் பலகையைப் பார்த்து, வெற்றுப் பக்கம் வெளியே.

"எரிச்சிருக்கலாமில்ல?" என்றேன்.

"அவங்க கையெழுத்த அவங்களக் கேக்காம எப்படி எரிக்கிறது?"

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"தெரியாதவகளக் கேட்டா தெரியாதுன்னுதான் வரும் தாயி. அதுக்குத்தான் சொல்லல."

நல்ல புத்திதான். நான் தெரியாதவளாகவே இருந்து, வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டேன். பதினொரு பேரின் பேரும் ஊரும் இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில் தொங்கின. அப்போது புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஐப்பசி வந்துகொண்டிருந்தது.

மழையை வேண்டிக்கொள்ளாத வீடு நம் சீமையில் உண்டா? அந்த வருஷம் நாம் இருந்தோம். குளமெல்லாம் வெடித்துக் கிடந்தது, எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கையெடுத்தார்கள், நான் மேகம் கூடினால் கலையட்டும் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். நீ வேறொன்று செய்தாய், இன்னும் அழகாக, விளிம்பெல்லாம் வெள்ளை எலும்பு பதித்து. அதைக் கொண்டுபோய், பழசு சரியாக முடியாத சாமான், மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டாய். வசந்தா அழுதாளாம். இன்ஸ்பெக்டர், "பிள்ளைக்கு அதான் புடிச்சிருக்கு, விடுங்க ராமையா. மாசம் ஒரு தடவ வந்து சுதி மட்டும் சேத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றாராம்.

அப்படித்தான் நீ அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தாய். சுதி சேர்க்கிற சாக்கில் விரலால் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்ப்பாய். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, நான் கேட்காமலே, "மூடித்தான் இருக்கு" என்பாய். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். ஊருக்கு இது எங்கே தெரியும்? இன்ஸ்பெக்டர் வீட்டில் ராமையாவுக்குக் காப்பி கொடுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

முதல் மழைக்காலம் எப்படியோ தப்பிவிட்டது. இரண்டாவது மழைக்காலத்தில், கார்த்திகையில், நார்த்தாமலைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்த சின்னையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு பேரில் ஒருவன். தோட்டத்தில் உன்னோடு ஒரே லயத்து அறையில் படுத்தவன், ஒரே கப்பலில் வந்தவன். வேறு யாரையும் தொடவில்லை. நேராக அவன் வீட்டுக்குப் போய், அப்பா பேரைச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்களாம்.

நாலு நாள் கழித்து நீ இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போனாய். திரும்பும்போது உன் கையில் அந்தப் பெட்டி இருந்தது. வாசலிலேயே வழிமறித்தேன்.

"தெறந்துருச்சா?"

"இல்ல. நரம்பு தாங்குற கட்டை விட்டுருச்சு. ஒட்டிக் குடுக்கச் சொன்னாரு."

"பின்பலகை?"

"மூடித்தான் இருக்கு."

நீ அதை வீட்டுக்குள்ளே கொண்டுவரவில்லை. நேரே கடைக்குக் கொண்டுபோய், மறுநாள் மத்தியானம் வரை வைத்திருந்து, அங்கிருந்தே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாய். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தாய். நான் எதிரே நின்றுகொண்டு கேட்டேன். இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை கூசுகிற வார்த்தை இதுதான். எழுதிவிடுகிறேன்.

"பெட்டி மூடியிருந்தா சின்னையா பேரு எப்புடிண்ணே போச்சு? காப்பி குடிக்கையில ஒன் வாயில வந்துருச்சா?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனாய். அதற்குப் பிறகு நீ ஒரு பெட்டியும் செய்யவில்லை. ஆனால் மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தாய். வந்ததும் "மூடித்தான் இருக்கு" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சின்னையா ஏழு மாதம் கழித்து வந்தான். வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கிடந்து, தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தான். நீ அங்கே போனாய். அவன் பெண்டாட்டி வீராயி உன்னைப் பார்த்து, "காப்பி குடிச்ச வாயோட வந்துட்டியா? அங்கிட்டே நில்லு" என்றாளாம். மற்றப் பத்துப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். நீ அங்கிட்டே நின்றுவிட்டு வந்தாய். பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் வந்தது. பெட்டியும் அவர்களோடு போனது. எந்த ஊர் என்றுகூட நமக்குத் தெரியவில்லை. அது பக்கத்தில் இருந்தபோதாவது தடவிப் பார்த்து ஆறுகிற பயம். தூரத்துக்குப் போன பிறகு தந்திக்காரன் சைக்கிள் மணிக்கும் நீ எழுந்து நின்றாய். அப்படியே நாலைந்து வருஷம். பிறகு ஒரு காய்ச்சல், ஒன்பது நாள். உன்னைத் தூக்க நாலாவது தோளுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. சைக்கிள் கடைக்காரர் வழியில் போன ஒருவரைக் கும்பிட்டு அழைத்துவந்தார். பத்துப் பேரில் ஒருவர்கூட வரவில்லை. நான் யாரையும் குறைசொல்லவில்லை. நானே உன் தலைமாட்டில் உட்கார்ந்து, நீ சொன்னாயா இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று நிறுத்திவிட்டேன். இனி எழுத வேண்டுமானால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பயமாக இருந்தது.

பயம் என்னவென்று சொல்கிறேன். யாரோ அதை முன்பே திறந்து பேரைப் பார்த்திருந்தால், சின்னையாவைக் கொன்றது நான். பாதுகாப்புக்கு என்று தூக்கிக் கொடுத்த என் கை. யாரும் திறக்காமல் நீ ஒட்டியபடியே இருந்தால், சின்னையாவைக் கொன்றது நீ. உன் வாய். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. இதில் எதைப் பார்க்க ஆசைப்படுவேன், சொல்லு.

பெட்டியைக் கொண்டுவந்த வசந்தா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். திருச்சியில் டீச்சராக இருக்கிறாள். பிள்ளை பெற்றவளானாலும் முகம் அப்படியே இருக்கிறது. அப்பா போன மாதம் தவறிப்போனாராம். டிரங்குப் பெட்டியின் அடியில் இது இருந்ததாம். ராமையா மாமாவிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கலாம் என்று வந்தாள். நீ இல்லையென்று சொன்னதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு மாமான்னா ரொம்பப் புடிக்கும் செல்லக்கா. ஊர்ல எல்லாரும் எதாச்சும் கேட்டுக்கிட்டுத்தான் வாராங்க, இவரு ஒருத்தர்தான் ஒண்ணும் கேக்காம வந்துட்டுப் போறாருன்னு சொல்லுவாரு."

"அவங்க என்னம்மா பேசிக்குவாங்க?"

"பேசவே மாட்டாங்க. மாமா சுதி சேப்பாரு. அப்பா எதிர்ல நாற்காலியப் போட்டுக்கிட்டு அவரு கையவே பாத்துக்கிட்டு இருப்பாரு. முடிஞ்சதும், அடுத்த மாசம் மறந்துராதீங்க ராமையாம்பாரு. அவ்வளவுதான்."

 காப்பி போடப் போகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றேன். அவள் போகும்போது, சரிசெய்ய ஆள் பார்க்கிறேன், இங்கேயே இருக்கட்டும் என்றேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இன்று காலை வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன். நீ செய்வதைப் பார்த்ததுதான், கற்றுக்கொண்டதில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவிட்டு, மூக்கிலிருந்து வருகிற ஆவியில் விளிம்பைக் காட்டிக் காட்டி, பழைய கத்தியை மெல்ல நுழைத்தேன். உன் வஜ்ஜிர நாற்றம் அறை முழுக்க எழும்பியது. பத்து வருஷத்துக்கும் மேலாயிற்று அந்த நாற்றத்தை முகர்ந்து. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மறுபடி கத்தியை எடுத்தேன். பின்பலகை முழுதாகக் கழன்று கையில் வந்தது.

உள்மூலையில் சுற்றிலும் காகிதத் துண்டுகள், நீ சொன்னபடியே வெற்றுப் பக்கம் வெளியே. எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். ஒவ்வொன்றாக ஆவியில் உரித்துப் பின்பக்கம் படித்தேன். பேர், அப்பா பேர், ஊர், கையெழுத்து. சிலதில் ரேகை. எல்லாவற்றின் ஓரத்திலும் யாரோ முன்பே உரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டிய சுருக்கம் இருந்தது. பத்துப் பேர் இருந்தார்கள். சின்னையா இல்லை.

அவன் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் பலகையில் பிளேடால் சுரண்டிய கீறல் இருந்தது. உன் கை அப்படிச் சுரண்டாது. கீறலின் ஓரம் மட்டும் தெரியும்படி, அதன் மேல் துண்டின் அளவுக்கே துணி ஒட்டியிருந்தது. விரல் அகலம், ஓரம் பிசிறில்லாமல், வஜ்ஜிரம் வழியாமல். அது உன் கைதான். துணியும் எனக்குத் தெரியும். பச்சையில் மஞ்சள் புள்ளி. சின்னையாவைப் பிடித்துப் போன அந்தக் கார்த்திகையில் நான் தைத்த பாவாடையின் மிச்சம்.

இப்போது எல்லாம் புரிகிறது அண்ணே. மழையில் பின்பலகை வாய் பிளந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் எல்லாப் பேரையும் உரித்துப் படித்திருக்கிறார். ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னையாவைப் பிடித்திருக்கிறார். பிறகு பெட்டியை உன் கையிலேயே கொடுத்து, ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார். நீ திறந்து பார்ப்பாய் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்து அந்தக் காலி இடத்தை நீ பார்த்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? மற்றப் பத்தையும் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழித்தால் பத்துப் பேரையும் அன்றைக்கே அள்ளிக்கொண்டு போயிருப்பார். அவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்ததே. பேரெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நானும் கூப்பிட்டபோதெல்லாம் வருகிறேன் என்று வாய் பேசாமல் பதில் சொல்லியிருக்கிறாய். அதுவும் காலி இடத்தை அப்படியே விட மனசு வராமல், துணி ஒட்டிச் சரிசெய்து. ஒட்டுவிட்ட பெட்டியை ஒட்டாமல் திருப்பிக் கொடுக்க உன் கைக்குத் தெரியாது.

மற்றப் பத்துப் பேரை அவர் ஏன் கடைசிவரை தொடவில்லை? உன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாரே, எதற்காக? கணக்குக்கு ஒரு ஆள் போதும் என்று விட்டாரா, மனசு மாறினாரா? தெரியவில்லை. செத்தவரைக் கேட்கவும் முடியாது. அங்கே உன் கண்ணில் பட்டால் நீயாவது கேள்.

எனக்கு வேண்டிய கேள்வி வேறு. அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் நான் அப்படிக் கேட்டபோது, பெட்டி திறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. உன் பேர் பிழைத்திருக்கும். வீராயி முன்னால் தலையை நிமிர்த்தி நின்றிருப்பாய். பத்துத் தோளும் உன்னைத் தூக்க வந்திருக்கும். நீ சொல்லவில்லை. சொன்னால், தூக்கிக் கொடுத்தவள் நான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக மாதாமாதம், நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும், செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னாய். சாகும்வரை அதை மாற்றவில்லை.

குற்றம் என்னுடையதுதான் என்று தெரிந்ததும் நான் இடிந்துபோயிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. என் அண்ணன் சொல்லவில்லை, சொல்லவே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சின்னையாவின் முகம் வந்தது. அது இனிமேல் போகாது.

ஆகவே இதைப் படிக்கிற பத்துப் பேருக்கும் சொல்கிறேன். உங்கள் பேர் இங்கே அச்சில் வராது. ராமையா உங்களில் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்கள் வீட்டில் சோறு தின்ற ஒவ்வொரு நாளுக்கும் அவர் அந்த நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்து வந்தார். உங்கள் கையெழுத்தை உங்களைக் கேட்காமல் எரிக்கமாட்டேன் என்றார். நானும் எரிக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நானே கொண்டுவந்து கையில் தருகிறேன். இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாதவர்களின் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளட்டும்.

அண்ணே, அதற்கு முன்னால் போக வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்குக் கொடுக்க என்னிடம் துண்டு இல்லை. அச்சில் வரட்டும் என்று காத்திருக்கப் போவதும் இல்லை. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் நார்த்தாமலை போகிறேன். வீராயி கதவைத் திறந்தால் உள்ளே போய்ச் சொல்வேன். திறக்காவிட்டால் உன்னை நிறுத்திய இடத்திலேயே நின்று, தெருவே கேட்கும்படி சொல்வேன்: ஒன் புருஷனக் காட்டிக் குடுத்தது எங்கண்ணன் இல்ல வீராயி, நான்தான். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொண்டு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன்னைச் சந்தேகப்பட்ட,
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்லம்